ஆடிஷன் செய்தியை எப்போது வெளியே சொல்லலாம்?

ஆடிஷனுக்குக் கூப்பிட்டார்கள், கால்பேக் (இரண்டாம் சுற்றுக்கு மறுபடி அழைப்பு) வந்தது, ரோல் கிட்டத்தட்ட உறுதி என்பதையெல்லாம் நடிகர்கள் இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ போடலாமா, போட்டால் நாலு பேர் கண்ணில் படுமே என்பதுதான் கேள்வி. போட வேண்டாம். தயாரிப்புத் தரப்பு அறிவித்த பிறகு, அவர்கள் அறிவித்த அளவுக்கு மட்டும் போடுங்கள். வெளியே சொல்லியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

"ரகசியம் காக்கணும்" என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுவதால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு இது உறைப்பதில்லை. ஆடிஷன் நடக்கும் நேரத்தில் அந்தப் படம் பெரும்பாலும் அரைவேக்காட்டு நிலையில்தான் இருக்கும். பணம் போடுகிறவர் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். தலைப்பு முடிவாகியிருக்காது. அதே வேடத்துக்கு இன்னொரு நடிகரிடம் தேதி கேட்டுக்கொண்டிருப்பார்கள். சில சமயம் அந்த வேடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருப்பார். அவரை மாற்றப்போகிறார்கள் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. உங்கள் ஸ்டோரியைப் பார்த்து அவர் அதைத் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்திருக்க மாட்டீர்கள். ஆனால் நடிகர்களைத் தேர்வு செய்யும் கேஸ்டிங் டைரக்டர் அன்றைக்கு நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நாலு பேரிடமும் உங்கள் பெயர் அந்தக் காரணத்தோடுதான் போய்ச் சேரும்.

பெரிய படங்கள் தலைப்பையே மறைத்து வேலை செய்கின்றன. 1983-ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படமான 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படப்பிடிப்பின்போது 'ப்ளூ ஹார்வெஸ்ட்' என்ற பொய்த் தலைப்பில் நடந்தது. இன்றும் ஆடிஷன் மெயிலில் வரும் தலைப்பு பொய்யாக இருக்கலாம். வசனப் பக்கங்கள் ஆடிஷனுக்கென்றே தனியாக எழுதப்பட்டவையாக இருக்கலாம். அதை வைத்து "இது இன்னாரோட அடுத்த படம்தான்" என்று கணித்துப் போடுவது இரட்டைத் தவறு. கணிப்பு சரியாக இருந்தால் ரகசியம் போச்சு, தவறாக இருந்தால் உங்கள் பேச்சின் மேல் நம்பிக்கை போச்சு.

விளம்பரப் படங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. பொருளே சந்தைக்கு வந்திருக்காது. "இந்த பிராண்டுக்கு ஆடிஷன் கொடுத்தேன்" என்று போட்டால் போட்டி நிறுவனத்துக்கு முன்கூட்டியே தகவல் போகிறது. தவிர, விளம்பர ஒப்பந்தங்களில் ஒரே வகைப் பொருளுக்கு இன்னொரு நிறுவனத்துக்கு நடிக்கக் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். ஒரு குளிர்பானத்துக்குப் போனதாக நீங்கள் சும்மா போட்டதைப் பார்த்து, இன்னொரு குளிர்பானக்காரர்கள் "இவர் அங்கே ஒப்பந்தமாகிவிட்டார் போல" என்று உங்கள் பெயரை அடித்துவிட்டுப் போவார்கள். உங்களைக் கேட்கக்கூட மாட்டார்கள்.

ரொம்பப் பேர் தடுமாறுகிற கட்டம், ரோல் கிட்டத்தட்ட கிடைத்துவிட்ட கட்டம். "தேதியை பிளாக் பண்ணி வையுங்க" என்று ஃபோன் வருகிறது. மனசு துள்ளுகிறது. ஆனால் தேதி கேட்பது வேறு, ரோல் கொடுப்பது வேறு. ஒரே வேடத்துக்கு இரண்டு மூன்று பேரிடம் தேதி கேட்டு வைப்பது சாதாரண நடைமுறை. வேடத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்கும் லுக் டெஸ்ட் முடிந்தும் மாற்றுவார்கள். ஏன், படப்பிடிப்பு தொடங்கியும் மாற்றுவார்கள். 'பேக் டு தி ஃப்யூச்சர்' என்ற ஹாலிவுட் படத்தில் எரிக் ஸ்டோல்ஸ் பல வாரங்கள் நடித்த பிறகு, 1985 ஜனவரியில் அவரை விலக்கிவிட்டு மைக்கேல் ஜே. ஃபாக்ஸை வைத்து மறுபடி எடுத்தார்கள்.

இந்தக் கட்டத்தில் போடுவதால் வரும் இன்னொரு நஷ்டம் சம்பளத்தில். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை உங்கள் கையில் இருக்கும் ஒரே பலம், "சரிவரவில்லை என்றால் விலகிக்கொள்வேன்" என்பதுதான். "கனவு ரோல் கிடைத்துவிட்டது" என்று ஊருக்கே அறிவித்துவிட்டால் அந்தப் பலம் போய்விடுகிறது. சம்பளம், எத்தனை நாள், கூடுதல் நாளுக்கு என்ன தொகை, டப்பிங்குக்குத் தனித் தொகை உண்டா, டைட்டிலில் பெயர் எங்கே வரும் என்று எதைப் பேசினாலும், எதிரில் இருப்பவருக்கு நீங்கள் விலகமாட்டீர்கள் என்று தெரியும். உங்களுக்காகப் பேசும் மேனேஜரின் வாயையும் நீங்களே அடைத்துவிட்டீர்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இதுதான்.

"படத்தோட பேரையே சொல்லலையே, சும்மா ஒரு செல்ஃபிதானே" என்பது அடுத்த வாதம். அந்த செல்ஃபியைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். ஆடிஷன் நடக்கும் அலுவலகத்தின் நடைவழி. உங்கள் தோளுக்குப் பின்னால் கதவில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது, அதில் படத்தின் தற்காலிகத் தலைப்பு. பக்கத்து மேசையில் வருகைப் பதிவுத் தாள், அதில் உங்களுக்கு முன்னால் வந்த ஆறு பேரின் பெயரும் ஃபோன் நம்பரும். உங்கள் கையில் சுருட்டிய வசனப் பக்கம், அதில் கதாபாத்திரத்தின் பெயரும், குறுக்கே சாம்பல் நிறத்தில் உங்கள் பெயரோ ஓர் எண்ணோ. அந்தச் சாம்பல் எழுத்துதான் வாட்டர்மார்க். ஒவ்வொரு நடிகருக்கும் தனித்தனியாகப் போட்டுத் தருவது, பக்கம் வெளியே போனால் யாரிடமிருந்து போனது என்று கண்டுபிடிக்கத்தான். நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, ஆனால் அந்தப் படம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

படம் இல்லாமலும் கசியும். லொகேஷன் டேக் ஒரு வழி. நேற்றுவரை பின்தொடராத இயக்குநரையும் ஒளிப்பதிவாளரையும் கேஸ்டிங் டைரக்டரையும் ஒரே நாளில் ஃபாலோ செய்வது இன்னொரு வழி. ரசிகர் பக்கங்களை நடத்துகிறவர்கள் இதைத்தான் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருப்பார்கள். "பெரிய செய்தி வருது, பொறுத்திருங்க" என்ற புதிர்ப் பதிவும் அப்படித்தான்: அதற்குக் கீழே நண்பர்கள் ஊகித்துப் பெயரை எழுதுவார்கள், நீங்கள் அதற்கு ஒரு லைக் போட்டால் முடிந்தது. 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' பட்டியலில் மட்டும்தான் போட்டேன் என்பதும் பாதுகாப்பு இல்லை. இன்ஸ்டாகிராம் ஸ்டோரியையோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் உங்களுக்குத் தகவல் வராது. 24 மணி நேரத்தில் மறைவது உங்கள் பக்கத்திலிருந்து மட்டும்தான்.

செல்ஃப் டேப், அதாவது நீங்களே நடித்துப் பதிவு செய்து அனுப்பும் ஆடிஷன் வீடியோ விஷயத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் கவனக்குறைவு. யூடியூபில் ஏற்றும்போது 'பப்ளிக்' என்றே விட்டுவிடுகிறார்கள். தலைப்பில் படத்தின் பெயரும் கதாபாத்திரத்தின் பெயரும் இருக்கிறது. தேடினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'அன்லிஸ்டட்' என்று வைத்தாலும் லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம் என்பதை மறக்கக் கூடாது. பாஸ்வேர்ட் போட்ட லிங்க், அல்லது குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்த கூகுள் டிரைவ் ஃபைல் நல்லது. குறிப்பிட்ட முறையில் அனுப்பச் சொல்லியிருந்தால் அதே முறையில் அனுப்புங்கள். முடிவு தெரிந்த பிறகு அந்த ஃபைலை எடுத்துவிடுங்கள். ரோல் கிடைக்கவில்லை என்றால், "நல்லாத்தானே பண்ணினேன்" என்று அந்த டேப்பை ரீலாகப் போட ஆசை வரும். முகம் உங்களுடையது, வசனம் உங்களுடையது அல்ல. படம் வெளியான பிறகும் அந்தக் காட்சியைப் போட அனுமதி கேட்க வேண்டும்.

ரகசிய ஒப்பந்தத்தில், அதாவது என்.டி.ஏ.வில், கையெழுத்துப் போடச் சொன்னால் அவசரத்தில் போடாதீர்கள். முக்கியமாக நான்கு விஷயங்களைத் தேடிப் படியுங்கள். எதையெல்லாம் ரகசியம் என்கிறார்கள்: பல ஒப்பந்தங்களில் கதை மட்டுமல்ல, அப்படி ஒரு படம் இருக்கிறது என்பதும், நீங்கள் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்பதும்கூட ரகசியம்தான். எதுவரை: படம் வெளியாகும்வரையா, அவர்கள் அறிவிக்கும்வரையா, காலவரையறையே இல்லையா. யாரிடம் சொல்லலாம்: மேனேஜர், வக்கீல், வாழ்க்கைத்துணைக்கு விலக்கு இருக்கிறதா. மீறினால் என்ன: முன்கூட்டியே ஒரு தொகை குறிப்பிட்டிருக்கிறார்களா, நீக்கம் மட்டுமா. என்.டி.ஏ. போடவில்லை என்பதால் சுதந்திரம் என்றும் நினைக்க வேண்டாம். ஆடிஷன் மெயிலின் அடியில் இரண்டு வரி எச்சரிக்கை இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி அட்வான்ஸும் வாங்கிய பிறகாவது போடலாமா? அப்போதும் கூடாது. எந்த நடிகரின் பெயரை எப்போது வெளியிடுவது என்பதற்குத் தயாரிப்புத் தரப்பிடம் ஒரு வரிசை இருக்கும்: முதலில் தலைப்பு, பிறகு நாயகன், அப்புறம் மற்றவர்கள். உங்கள் பாத்திரமே கதையின் திருப்பமாக இருந்தால், படம் வெளியாகி சில வாரங்கள்வரைகூட நீங்கள் வாய் திறக்க முடியாது. நடிகருக்கே கடைசியில் தெரிவதும் உண்டு. 2015-ல் ஸ்பைடர்மேனாகத் தான் தேர்வானதை மார்வெல் நிறுவனத்தின் இணைய அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக டாம் ஹாலண்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். புது கெட்டப்பும் இதே கணக்கில்தான் வரும். தாடி வளர்த்தது, மொட்டை அடித்தது, உடம்பு குறைத்தது எல்லாம் படத்துக்காகச் செய்ததென்றால் அந்த முகம் 'ஃபர்ஸ்ட் லுக்' வரும்வரை வெளியே போகக் கூடாது.

உங்கள் வாய் மட்டும் மூடியிருந்தால் போதாது. கசிவு அதிகம் வருவது அக்கம்பக்கத்திலிருந்துதான். அம்மா பெருமையாக ஸ்டேட்டஸ் வைப்பார். நடிப்புப் பயிற்சி மையம் "எங்கள் மாணவர் தேர்வு" என்று போஸ்டர் அடித்துப் போடும். போட்டோ எடுத்துக் கொடுத்தவர் டேக் செய்வார். கூட நடிக்கிற நண்பர் "வாழ்த்துகள் மச்சி" என்று கமென்ட் போடுவார். இவர்களிடம் "யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று பொதுவாகச் சொன்னால் வேலைக்காகாது, அது அவர்களுக்குச் சம்பிரதாயமாகத்தான் தோன்றும். குறிப்பாகச் சொல்லுங்கள்: "அம்மா, அவங்களா போஸ்டர் விடற வரைக்கும் ஸ்டேட்டஸ், குடும்ப குரூப் எதுலயும் போடாதீங்க, போட்டா ரோல் போயிடும்." பயிற்சி மையத்துக்கு எழுத்திலேயே அனுப்புங்கள். இன்ஸ்டாகிராமில் யாராவது டேக் செய்தால் உங்கள் பக்கத்தில் தோன்றுவதற்கு முன் உங்களிடம் அனுமதி கேட்கும்படி அமைத்து வைக்கலாம், அதை இன்றே செய்யுங்கள்.

அப்படியானால் பக்கத்தில் என்னதான் போடுவது, ஃபாலோவர்ஸ் பார்த்துத்தானே வாய்ப்புத் தருகிறார்கள் என்று கேட்பீர்கள். கேஸ்டிங் டைரக்டர்கள் உங்கள் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் தேடுவது நீங்கள் எத்தனை ஆடிஷனுக்குப் போனீர்கள் என்பதை அல்ல. இன்றைக்கு உங்கள் முகம் எப்படி இருக்கிறது, குரல் எப்படி, எந்த மொழியும் வட்டார வழக்கும் வாயில் இயல்பாக வரும், நீச்சல் தெரியுமா, பைக் ஓட்டுவீர்களா என்பதைத்தான். இன்ஸ்டாகிராமில் மூன்று பதிவுகளை மேலே பின் செய்யலாம். ஒன்றில் வெளிவந்த படைப்பிலிருந்து உங்கள் காட்சி. ஒன்றில் நீங்களே எழுதியதோ, எழுதியவரிடம் அனுமதி வாங்கியதோ ஆன ஒரு நிமிடத் தனிநடிப்பு. மூன்றாவதில் ஒப்பனை அதிகமில்லாத, சமீபத்திய, நேர்முகமும் பக்கவாட்டும் தெரியும் படங்கள். இது போதும். பயிற்சி வகுப்பு, நாடக ஒத்திகை, கற்றுக்கொண்டிருக்கும் சிலம்பம் எல்லாம் தாராளமாகப் போடலாம். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நிறுவனமே பொதுவில் வெளியிட்ட 'ஓப்பன் கால்' அறிவிப்பை மற்றவர்களுக்காகப் பகிர்வதும் நல்ல காரியம். பகிரும் முன் அது அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஆடிஷனுக்கோ போர்ட்ஃபோலியோ என்ற புகைப்படத் தொகுப்புக்கோ பதிவுக்கோ முன்பணம் கேட்டால் அது மோசடி என்று எடுத்துக்கொள்ளலாம். "வாய்ப்பு தேடி அலைகிறேன்" என்று தினமும் போடும் பக்கங்களைத்தான் இந்த மோசடிக்காரர்கள் முதலில் தேடி வருவார்கள்.

கிடைக்காமல் போன ரோலைப் பற்றி எழுதாதீர்கள். "கடைசி ரெண்டு பேர்ல நான் ஒருத்தன்" என்று எழுதினால், நடித்தவரை நீங்கள் இரண்டாம்பட்சம் ஆக்குகிறீர்கள். நாளைக்கு அவரோடு ஒரே ஃப்ரேமில் நிற்க வேண்டியிருக்கும். மனசுக்கும் அது நல்லதல்ல. ஆடிஷனை ஊருக்குச் சொல்லிவிட்டால் அடுத்த இரண்டு மாதம் பார்க்கிறவரெல்லாம் "அது என்னாச்சு?" என்று கேட்பார்கள். பதில் வராத ஆடிஷன்தான் அதிகம். ஒவ்வொரு முறை அந்தக் கேள்வியைக் கேட்கும்போதும் மறந்துபோன தோல்வி மறுபடி கிளறப்படும், அந்த வலியோடு அடுத்த ஆடிஷன் அறைக்குள் நுழைவீர்கள். நம்பிக்கையான இரண்டு பேரிடம் மட்டும் சொல்லுங்கள். மற்றபடி தேதி, வேடம், யார் பார்த்தார்கள், என்ன சட்டை போட்டிருந்தீர்கள், என்ன திருத்தம் சொன்னார்கள் என்று உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். கால்பேக் வந்தால் அதே சட்டையில் போக அந்தக் குறிப்பு உதவும்.

தெரியாமல் போட்டுவிட்டீர்களா? முதலில் பதிவை நேரம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், உடனே நீக்குங்கள். பிறகு அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே மேனேஜருக்கோ கேஸ்டிங் தரப்புக்கோ ஃபோன் செய்யுங்கள். என்ன போட்டீர்கள், எங்கே, எத்தனை நிமிடம் இருந்தது, ஏறக்குறைய எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நான்கையும் சொல்லுங்கள். அப்போதுதான் அவர்களால் மேலே என்ன செய்வதென்று முடிவெடுக்க முடியும். "அக்கவுன்ட் ஹேக் ஆயிடுச்சு" என்று சொல்லாதீர்கள், யாரும் நம்புவதில்லை. விளக்கப் பதிவும் மறுப்புப் பதிவும் வேண்டாம், இரண்டும் செய்தியை இன்னும் பரப்பும். பத்திரிகையிலிருந்து கூப்பிட்டால், "அதைப் பற்றி நான் சொல்லும் நிலையில் இல்லை" என்பதோடு நிறுத்துங்கள்.

இனி அந்த விதிவிலக்கு. ஆடிஷன் என்ற பெயரில் தகாத முறையில் நடந்துகொண்டால், தனியறைக்கு அழைத்தால், காட்சிக்குத் தேவையில்லாமல் உடையைக் களையச் சொன்னால், மிரட்டினால், இங்கே சொன்ன எந்த மௌனமும் உங்களைக் கட்டுப்படுத்தாது. படத்தின் ரகசியத்தைக் காப்பதுதான் என்.டி.ஏ.வின் வேலை, குற்றம் செய்தவருக்கு அது கவசம் அல்ல. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த 'ஸ்பீக் அவுட்' சட்டம், பிரச்சினை எழுவதற்கு முன்பே வாங்கப்பட்ட ரகசிய ஒப்பந்தங்களை பாலியல் துன்புறுத்தல் வழக்குகளில் செல்லாது என்றாக்கியது. வரிசை மட்டும் முக்கியம்: முதலில் மெசேஜ், அழைப்புப் பதிவு, தேதி, இடம் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். பிறகு நடிகர் சங்கம், வக்கீல், காவல்துறை. பொதுவெளியில் எழுதுவது அவர்களோடு பேசிய பிறகு. அவமானப்படுத்தப்பட்டதை வெளியே சொல்வதற்கும் ஒரு பக்குவமான வழி உண்டு. 2020 நவம்பரில் லூகாஸ் கேஜ் என்ற நடிகர் தன் வீடியோ ஆடிஷன் பதிவை வெளியிட்டார். மைக் அணைக்கவில்லை என்று தெரியாமல் இயக்குநர் அவருடைய சின்ன வீட்டைப் பற்றிப் பேசிய பதிவு அது. அந்த இயக்குநரின் பெயரை கேஜ் சொல்லவில்லை. இயக்குநர் தானே முன்வந்து பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அறிவிப்பு வெளியான நாளுக்கு வருவோம். போஸ்டரில் உங்கள் பெயர் இருந்தால் அவர்களுடைய பதிவையே பகிருங்கள், தனியாக உங்களிடமிருக்கும் படத்தைப் போடாதீர்கள். பெயர் இல்லையென்றால் அனுமதி கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்: "வணக்கம் சார், இன்று போஸ்டர் வந்தது, ரொம்பச் சந்தோஷம். அதில் என் பெயர் இல்லை. வேடத்தின் பெயரும் படப்பிடிப்புப் படங்களும் இல்லாமல், இந்தப் படத்தில் நடிக்கிறேன் என்பதை மட்டும் என் பக்கத்தில் போடலாமா? போடலாம் என்றால் எந்தத் தேதியிலிருந்து, யாரை டேக் செய்யணும்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஃபோனில் "ம், போடுங்க" என்றால், "நீங்க சொன்னபடி வெள்ளிக்கிழமை போடறேன் சார்" என்று ஒரு மெசேஜ் அனுப்பி வையுங்கள். பதிவில் கேஸ்டிங் டைரக்டருக்கு நன்றி சொல்ல விரும்பினால் அதையும் முன்கூட்டியே கேளுங்கள். டேக் செய்தால் அன்றைக்கே நூறு பேர் புகைப்படம் அனுப்பிவிடுவார்கள் என்பதால் சிலர் வேண்டாம் என்பார்கள்.